பாதி விலை

முதலில் அதை எக்ஸ்ரேயில்தான் கண்டேன்.
உள்ளங்கையில் முக்கவர் முள் ஏறின ஒருவர்
வலியைவிட வெட்கம் கூடக் கையை நீட்டினார்.
திரையில் அவருடைய விரலெலும்புகள்,
அவற்றின் நடுவே மூன்று கொக்கி,
கொக்கிக்கு மேலே புகைபோல் ஒரு மீன்.
முள்ளந்தண்டு இல்லை. செவுள் இல்லை.
வயிற்றில் மட்டும் இரண்டு இரும்புக் குண்டு.
"கிலுங்கிறதுக்கு, மிஸ்" என்றார்.
"கொடுவாவுக்குக் காது நல்ல கூர்."

அன்றைக்கு ஏழு நெஞ்சுக்கூடு எடுத்தேன்.
ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

மூன்று மாத ஓவர்டைம் காசோடு
நிஸ்தார் நானாவின் கடைக்குப் போனபோது
வாசலில் ஒரு புள்ளிமான்
றீல் வந்த அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது.
திருகோணமலை மான்; விலகவில்லை.
நான்தான் சுற்றிப் போனேன்.

"அவருக்கா, மிஸ்?"
"எனக்கு."
கண்ணாடிப் பெட்டியை ஒருதரம் துடைத்தார்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

ஏழடித் தடியின் நுனியைக் கூரையில் முட்டவைத்து வளைத்தார்.
"இது மெத்தெண்டது. பாலத்தடிக்குக் கொண்டு போனா
மீன் உங்களத் தூணைச் சுத்திக் கூட்டிக்கொண்டு போகும்."
விறைத்ததை எடுத்தேன்.
அடுத்தது நூல்.
"தங்கூசி இழுபடும், பிழை விட்டாலும் பொறுக்கும்.
பின்னல் நூல் பொறுக்காது.
ஆனா கீழ ஒரு இறால் திரும்பிப் படுத்தாலும்
விரலுக்கு வந்து சொல்லும்."
எனக்குச் சொல்லவேணும்.
பின்னல் நூறு மீற்றர்,
முனைக்கு ஒரு பாகம் தங்கூசி,
தூணில் சிப்பி இருக்கிறதால்.

பிறகு அந்த மீன்கள்.
கலங்கலுக்குச் செம்மண்டை,
தெளிந்த தண்ணிக்கு மணலைச் சாயல்.
விலைச்சீட்டு தடித்துக் கிடந்தது.
நகத்தால் கிளப்பினேன்:
நாலாயிரத்து இருநூறின் கீழே ஆயிரத்துத் தொள்ளாயிரம்,
அதற்கும் கீழே, மங்கி, அறுநூற்றைம்பது.
"அந்த நாள்ப் பசை, மிஸ். இன்னும் விடுகுதில்ல."
ஒரு கண் உரிந்த மணலை ஒன்றுக்கு
முந்நூறு குறைத்தார்.
வீட்டில் நகப்பூச்சால் கண் வைத்தேன்.
கடுஞ்சிவப்பு. கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
இரவுமுழுக்கத் தூங்காதது மாதிரி.

கிண்ணியாப் பாலத்தடி, விடிய முன்னம்.
முதல் எறி காற்றோடு போய்க் கரையில் விழுந்தது.
இரண்டாவது நல்ல எறி. யாரும் பார்க்கவில்லை.
மூன்றாவதில் நூல் விறைத்தது.
நெஞ்சு தொண்டைக்கு வந்தது.
விரலுக்கு வந்து பின்னல் சொன்னது:
தூண்.

இழுத்தேன். விட்டு இழுத்தேன்.
தங்கூசி சிப்பியில் அறுந்து
சுருண்டு திரும்பி வந்தது,
மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்
கீழே எங்கோ கண் விழித்துத் தொங்க.

அடுத்த சம்பளம் வந்த அன்று
கடையில் புதிதாக ஒரு ஐஸ்கிறீம் பெட்டி,
மூடியில் "பாவிச்சது, பாதி விலை."
அதற்குள், மற்றவற்றுக்கு நடுவே,
கடுஞ்சிவப்பாய் ஒரு கண் என்னைப் பார்த்தது.

"இது என்ர."
"உங்கடயா இருந்தது" என்றார் நிஸ்தார் நானா.
"பிறகு கடல்ட. இப்ப இவன்ட."
இவன் பன்னிரண்டு வயது,
தலையில் உப்பு, கண்ணெல்லாம் சிவப்பு.
பள்ளி விட்டதும் பாலத்தடியில் சுழியோடி
தூண் தூணாய்ப் பிடுங்கிக் கொண்டுவருவானாம்.
அஸ்மீர்.

எடுத்துக் காதோரம் ஆட்டினேன்.
குண்டு இரண்டும் இருந்தன.
முதுகில், நான் போடாத நாலைந்து கீறல்:
பல்.
நான் இல்லாத இருபது நாளில்
ஏதோ ஒன்று வந்து
கடித்துப் பார்த்திருக்கிறது.
கை கொஞ்சம் நடுங்கியது, சொல்கிறேனே.

"அது பேத்தை, மிஸ்" என்றான் அஸ்மீர்.
"அது எல்லாத்தையும் கடிக்கும்."

பேரம் பேசவில்லை. காசை எண்ணி வைத்தேன்.
அவன் தன் பங்கை வாங்கிக் காற்சட்டைக்குள் திணித்துக்கொண்டு,
மான் விட்டுப்போன அட்டையைக் காலால் தள்ளிக்கொண்டு,
வலு சாதாரணமாகக் கேட்டான்:
"நாளைக்கு எத்தினையாம் தூணடி, மிஸ்?"

ஐந்தை நினைத்துக்கொண்டு
மூன்று என்றேன்.
அவன் நம்பவில்லை.